பஸ்மியாவின் எண், பிரதீபனின் எண்

போன கிழமை என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தீர்கள். குடித்து முடிக்காமல் எழுந்து போய்விட்டேன் என்று உங்களில் யாரோ வருத்தப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். தேநீரில் ஒரு குறையும் இல்லை. நீங்கள் மேசையைச் சுற்றி நின்றுகொண்டு, புதிய மென்பொருளின் பொது அமைப்புகளைக் கணினியில் எந்த இடத்தில் சேமிப்பது என்று பேசிக்கொண்டிருந்தீர்கள். "எங்க வச்சா என்ன, வேலை செய்யுதுதானே" என்று ஒரு குரல் கேட்டது. அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாயைத் திறந்தால் சண்டையில்தான் முடியும் என்று தெரியும். குடையை எடுத்துக்கொண்டு மஹய்யாவயில் இருக்கும் என் வீடு வரைக்கும் நடந்தே போனேன். அங்கே சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

எனக்குப் பொறுமை கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். வேலையில் இருந்தபோது என் கதிரையைவிட என் செருப்புத்தான் அதிகம் தேய்ந்தது என்று கேலி செய்வார்கள். ஆகவே நிரல் எழுதுவது எப்படி என்றெல்லாம் நான் பாடம் நடத்தப் போவதில்லை, அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஒரு பின்னேரம் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

கண்டி டவுனில் ஒரு தனியார் இரத்தப் பரிசோதனை நிலையம். அதற்கான மென்பொருள் நம் கம்பனியுடையது. நான் வேலைக்குச் சேருவதற்கு முன்பே எழுதப்பட்டு, பல காலம் மூச்சுக் காட்டாமல் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே காலை வேளைக்குப் பொறுப்பு பஸ்மியா. அக்குறணையிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். வேலையில் படு சுத்தம், வாயில் கொஞ்சம் கூர்மை. பின்னேரத்துக்கு யாழ்ப்பாணத்துப் பிள்ளை பிரதீபன். அதிகம் பேசமாட்டான், ஆனால் சொன்னதைச் செய்வான். பரிசோதனை இயந்திரத்தோடு இணைந்த கணினி ஒன்றே ஒன்றுதான், இருவரும் மாறி மாறி அதில்தான் உட்கார வேண்டும்.

அந்தக் கணினிக்குள் எல்லாரும் ஒரே பெயரில்தான் நுழைவார்கள். நம் ஊரில் எந்த அலுவலகத்தில் பார்த்தாலும் இதுதானே வழக்கம். முதலில் வந்தவர் திறந்துவிடுவார், கடைசியில் போகிறவர் மூடுவார், இடையில் யார் யாரோ உட்கார்ந்து எழும்புவார்கள். அந்தக் கடவுச்சொல் கீழே வாசலில் கடலை விற்கிறவருக்கும் தெரியும் என்று பஸ்மியா சொல்வாள். பிறகு பார்வையிட வந்த ஓர் அதிகாரி, ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெயரும் கடவுச்சொல்லும் வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். சொன்னது நியாயம்தான். அவர்களும் அப்படியே செய்தார்கள். நம்மிடம் யாரும் கேட்கவில்லை, கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

இனி ஒரு சின்ன விளக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள். இதய வால்வு மாற்றியவர்கள் இரத்தம் கட்டியாகாமல் இருக்கத் தினமும் மாத்திரை போட வேண்டும். குறைத்துப் போட்டால் வால்வில் இரத்தம் உறையும், கூட்டிப் போட்டால் எங்கேயாவது கசியும். எவ்வளவு போடுவது என்பதை வைத்தியர் ஒரு பரிசோதனையைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தை இயந்திரம் அளக்கிறது. அதற்காக இரத்தத்தோடு கலக்கும் இரசாயன மருந்தின் பெட்டி ஒவ்வொன்றிலும் ஓர் எண் அச்சிட்டிருக்கும். பெட்டி மாறினால் எண்ணும் மாறும். புதுப் பெட்டியைத் திறந்ததும் அந்த எண்ணைக் கணினியில் பதிய வேண்டும். மென்பொருள் நேரத்தையும் எண்ணையும் வைத்துக் கணக்குப் போட்டு முடிவைத் தாளில் அச்சிடும். எண் பிழைத்தால் முடிவு பிழைக்கும். அவ்வளவுதான்.

ஒரு நாள் பின்னேரம் பஸ்மியா போன் எடுத்தாள். அன்றைக்கு அவள் வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் இருந்திருக்கிறாள். "அக்கா, கொஞ்சம் வந்துட்டுப் போங்க. மெஷின்ல பிழை ஈக்கிற மாதிரி தெரியல்ல. ஆனா பேப்பர் ரெண்டு மாதிரி சொல்லுது" என்றாள். அவள் குரலில் கூர்மை இல்லை. அதுதான் என்னை எழுப்பிவிட்டது.

போய்ப் பார்த்தேன். தெல்தோட்டையிலிருந்து வந்த ஒரு பெரியவர் வாங்கில் உட்கார்ந்திருந்தார். காலையில் இரத்தம் கொடுத்து, பஸ்மியா கையால் முடிவுத் தாளை வாங்கிக்கொண்டு போனவர். மழையில் தாள் நனைந்துவிட்டது, இன்னொன்று அடித்துக் கொடுங்கள் என்று திரும்பி வந்திருக்கிறார். பிரதீபன் அடித்துக் கொடுத்திருக்கிறான். பெரியவர் நனைந்ததையும் காய்ந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "ரத்தம் ஒருக்காத்தானே எடுத்தீங்க?" என்று கேட்டிருக்கிறார். இரண்டு தாளிலும் முடிவு வேறு வேறாக இருந்தது. நம் மென்பொருள், இயந்திரம் அளந்த நேரத்தை மட்டும் சேமித்து வைத்து, அச்சிடும்போதெல்லாம் கணக்கைப் புதிதாகப் போடும். அதுவும் தப்புத்தான். ஆனால் அன்றைக்கு அந்தத் தப்புத்தான் மற்றத் தப்பைக் காட்டிக்கொடுத்தது.

"பிரதீபன், உங்கட பேர்ல உள்ளுக்குப் போய் அந்த எண்ணைக் காட்டுங்க" என்றேன். காட்டினான், பழைய பெட்டியின் எண். பஸ்மியாவை அவள் பெயரில் நுழையச் சொன்னேன். புதுப் பெட்டியின் எண். ஒரே கணினி, ஒரே திரை, ஒரே மென்பொருள். திரையின் தலைப்பிலே "ஆய்வுகூடப் பொது அமைப்புகள்" என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

"நான் நேத்துக் காலையிலேயே மாத்திட்டேன் அக்கா. இந்தா பாருங்க, என்ட பக்கத்துல புது நம்பர்தான் ஈக்கி" என்றாள் பஸ்மியா.

"ஓம் அக்கா, அவ மாத்திட்டன் எண்டு எனக்குச் சொன்னவ. மாத்தியாச்செண்டுதான் நான் அதைத் தொடாமல் விட்டனான்" என்றான் பிரதீபன். அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது.

இரண்டு பேரும் சொன்னது உண்மை. பொய் சொன்னது நம் மென்பொருள். அதை எழுதியவர் முட்டாள் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் அந்தக் காலத்து வழக்கப்படி, நிரல் இருக்கும் கோப்புறைக்குள்ளேயே அமைப்புகளையும் எழுதினார். எல்லாருக்கும் பொதுவான இடம் என்று நம்பித்தான் எழுதினார். பிறகு வந்த இயங்குதளங்கள், சாதாரணப் பயனர் அந்தக் கோப்புறையில் எழுதக் கூடாது என்று தடுத்தன. தடுத்ததை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அன்றைக்கே கண்டுபிடித்திருப்போம். பழைய நிரல் நின்றுவிடக் கூடாதே என்று, எழுதியதை வாங்கிச் சத்தமில்லாமல் அந்தந்தப் பயனரின் சொந்த இடத்தில் போட்டு வைத்தன. எல்லாரும் ஒரே பெயரில் நுழைந்த காலத்தில் இது யாருக்கும் தெரியவில்லை. நம் கெட்ட வழக்கம் நம் கெட்ட நிரலை மூடி மறைத்துக்கொண்டிருந்தது. வழக்கத்தைத் திருத்திய பிறகு திறந்த முதல் புதுப் பெட்டியிலேயே ஓர் எண் இரண்டு எண்ணாகிவிட்டது.

நம் முதலாளிக்குப் போன் எடுத்தேன். அவர் நல்ல மனிதர்தான், எனக்குத் தொழில் கற்றுத் தந்தவரும் அவர்தான். ஆனால் அன்றைக்கு அவர் சொன்னது இது: "ரெண்டு பேருக்கும் ஒரே நம்பரப் போட்டுட்டு வாங்க. மத்ததைப் பிறகு பாத்துக்குவோம். அங்க ஒண்ணும் பெருசாச் சொல்ல வேணாம்."

"நேத்துப் பின்னேரம் வெளிய போன பேப்பரையெல்லாம் யாரு மாத்துறது சேர்?"

"நீங்க எப்பவும் அவசரப்படுறீங்க" என்றார்.

"ஆமா சேர், இது அவசரம்தான்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். கோபத்தில் வைத்தேனா பயத்தில் வைத்தேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். பிழையைக் கண்டுபிடித்ததும் நம் கை தானாக விசைப்பலகைக்குப் போகும். திருத்திவிட்டால் நிம்மதி வரும், அந்த நிம்மதி ருசியானது. ஆனால் நிரலில் இருக்கிற பிழை எங்கேயும் ஓடிப்போகாது, நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும். வெளியே போன தாள்தான் பஸ் ஏறிப் போய்க்கொண்டிருக்கும். அதைத்தான் முதலில் பிடிக்க வேண்டும்.

நிலையத்தின் சொந்தக்காரரான டொக்டரிடம் போய் நடந்ததை அப்படியே சொன்னேன். பெயர் கெட்டுவிடுமே என்ற பயம் அவர் முகத்தில் தெரிந்தது. "ஷுவரா?" என்று கேட்டார். "ஷுவர் டொக்டர்" என்றேன். அதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை வீணாக்கவில்லை. பின்னேரங்களில் போன முடிவுகளை பஸ்மியா புது எண்ணில் மறுபடி எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, அவர் ஒவ்வொருவராகப் போனில் பிடித்தார். நான் அந்த அறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். "அக்கா, ஒண்ணு உட்காருங்க, இல்லாட்டி வெளிய போங்க. எனக்குத் தலை சுத்துது" என்று பஸ்மியா சத்தம் போட்டாள்.

எல்லாரும் கிடைத்தார்கள், ஒருவரைத் தவிர. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தின் லய வீடுகளில் இருக்கும் சரோஜா என்ற அம்மா. வால்வு மாற்றியவர், ஏற்கெனவே ஒரு தடவை இரத்தம் கசிந்து வார்டில் கிடந்தவர். முந்தின நாள் பின்னேரம் பிரதீபன் கொடுத்த தாளை அன்றைக்குக் காலையில் தன் இதய வைத்தியரிடம் காட்டியிருக்கிறார். பழைய எண்ணின் கணக்குப்படி மருந்து போதவில்லை என்று தாள் சொன்னது. அந்த வைத்தியரும் தாளை நம்பி, ஒரு மாத்திரையை ஒன்றரையாகக் கூட்டியிருக்கிறார், அன்றைக்கு இரவிலிருந்து. சரியான கணக்கில் அந்த அம்மா ஏற்கெனவே மேல் எல்லையைத் தொட்டுக்கொண்டு இருந்தார். டொக்டர் போன் எடுத்ததும் இதய வைத்தியர் ஒரே வரியில் சொன்னார், கூட்டிய அளவு இன்றிரவு உள்ளே போகக் கூடாது, பழையபடி ஒன்று, நாளைக்கு மறுபடி இரத்தம் எடுக்க வேண்டும்.

பதிவில் இருந்த இலக்கம் அந்த அம்மாவின் மகனுடையது. டவுனில் ஒரு துணிக்கடையில் வேலையாம். எடுத்தால் அடித்துக்கொண்டே இருந்தது. வேலை நேரத்தில் போனை முதலாளியின் மேசை லாச்சியில் போட்டுவிட வேண்டும் என்பது பல கடைகளில் சட்டம். எந்தக் கடை என்று யாருக்கும் தெரியாது. டொக்டர் போனை விட்டு எழும்ப முடியாது, பஸ்மியாவுக்கும் பிரதீபனுக்கும் வாங்கு நிறைய ஆட்கள் காத்திருந்தார்கள். சும்மா நின்றவள் நான் ஒருத்திதான். நான் வந்து திருத்தும்வரை உறைதல் பரிசோதனையை பஸ்மியா மட்டும் தன் பெயரில் அச்சிடட்டும் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கித் த்ரீவீல் ஒன்றை மறித்தேன்.

மறுநாள் செய்த திருத்தத்தை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன், பிறகு சொல்ல எனக்குப் பொறுமை இருக்காது. எழுத்தின் அளவு, திரைச் சன்னலின் நிறம், கடைசியாகத் திறந்த பக்கம் இவையெல்லாம் ஆளுக்குச் சொந்தமானவை. அவற்றை ஆளின் கோப்புறையில் வையுங்கள். பெட்டியின் எண் ஆளுக்குச் சொந்தமானது இல்லை, அது இயந்திரத்துக்குச் சொந்தம். அதைக் கணினியைப் பாவிக்கும் எல்லாருக்கும் பொதுவாக இயங்குதளம் ஒதுக்கி வைத்திருக்கும் தரவுக் கோப்புறையில் வையுங்கள். நிரலோடு சேர்த்து வைக்காதீர்கள். படிக்க எல்லாருக்கும் அனுமதி கொடுங்கள், மாற்றப் பொறுப்பானவருக்கு மட்டும் கொடுங்கள். எழுத முடியாமல் போனால் நிரல் நின்று சத்தம் போடட்டும், இரகசியமாக வேறு எங்கேயும் போய் ஒளித்து வைக்க வேண்டாம். எந்த எண்ணில் கணக்குப் போட்டோம் என்பதை முடிவுத் தாளிலும் அச்சிடுங்கள். வேலை செய்கிறதா என்று உங்கள் பெயரில் மட்டும் பார்க்காதீர்கள், பக்கத்துக் கதிரையில் இருப்பவரின் பெயரிலும் நுழைந்து பாருங்கள். நாங்கள் யாரும் அதை ஒரு நாளும் செய்து பார்த்ததில்லை.

த்ரீவீலுக்கு வருகிறேன். பாடசாலை விட்ட நேரம். வாவிக் கரையில் வாகனங்கள் அசையவில்லை. நான் முன்னுக்கும் பின்னுக்கும் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "கொஞ்சம் ஆடாம இருங்க அக்கா, சீட்டு பிஞ்சிரும்" என்றான் ஓட்டுகிற தம்பி. ஆஸ்பத்திரியைத் தாண்டி மேட்டில் ஏறியதும் மூடுபனி. தேயிலைக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறி, இரண்டு இடத்தில் நிறுத்திக் கேட்டு, லயத்தைக் கண்டுபிடித்தோம்.

சரோஜாம்மா தன் ஒற்றை அறைக் காம்பராவின் வாசலில் விறகை அடுக்கிக்கொண்டிருந்தார். மெலிந்த உடம்பு, தடித்த கண்ணாடி. நான் யார் என்று சொன்னதும் பதறிப்போய், "உள்ள வாங்க மிஸ்" என்று கதிரையைத் துடைத்துப் போட்டார். உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பேப்பர் பிழை, எங்கள் கம்ப்யூட்டர் பிழை, உங்கள் உடம்பில் ஒன்றும் இல்லை, இன்றைக்குப் பழையபடி ஒரு மாத்திரைதான், நாளைக்குக் காலையில் லேபுக்கு வர வேண்டும். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். "வெளங்குச்சாம்மா?" என்றேன். "வெளங்குச்சு மிஸ். ஒண்ணுதான். சரிங்க" என்றார். ஒரு வாய் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கள் என்றதையும் கேட்காமல் இறங்கி வந்துவிட்டேன்.

வண்டி கீழே திரும்பியது. வேலை முடிந்தது, நிம்மதியாக இருக்க வேண்டும். ஆனால் அந்த நிம்மதி வரவில்லை. என்ன என்று பிடிபடவில்லை. கைப்பையைத் திறந்தேன், மூடினேன். அந்த அம்மா சொன்ன "சரிங்க" காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. பஸ்மியாவும் இப்படித்தான் மாத்திட்டேன் என்றாள். பிரதீபனும் மாத்தியாச்செண்டுதான் விட்டான். அந்தத் தடித்த கண்ணாடி ஞாபகத்துக்கு வந்தது.

"தம்பி, வண்டியத் திருப்புங்க."

"எதையாச்சும் விட்டுட்டு வந்துட்டீங்களா அக்கா?"

"ஆமா. திருப்புங்க."

என்னைத் திரும்பக் கண்டதும் சரோஜாம்மா பயந்துவிட்டார். "அம்மா, மாத்திரைய யாரு எடுத்துத் தாறது?" என்று கேட்டேன்.

"மகன்தான் மிஸ். எனக்குச் சின்ன மாத்திரை கண்ணுக்குத் தெரியாது. அவன் வேலை முடிஞ்சு வந்து, ஒடைக்கணும்னா ஒடைச்சு, கையில தருவான்."

"இன்னைக்கு ஒண்ணுதான்னு மகன்கிட்டச் சொல்லுவீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். "டாக்டர்கிட்ட அவன்தானே கூட வந்தான், அவனுக்குத் தெரியும்னு இருந்துட்டேன். எத்தனைன்னு நான் பாக்கிறதில்ல மிஸ். அவன் குடுக்கிறதப் போட்டுக்குவேன். சில நாள் நான் தூங்கிப் போயிருவேன், எழுப்பித் தண்ணியையும் அவனே ஊத்துவான்."

நான் அப்போதுதான் கதிரையில் உட்கார்ந்தேன். ஒரு மணித்தியாலத்துக்கு முன்பு, எண்ணை ஓர் ஆளிடம் போட்டுவிட்டு எல்லாருக்கும் போட்டதாக நம்பிய நிரலை மனதுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டியவள் நான். அதே வேலையைத்தான் இந்தக் காம்பராவில் நானும் செய்துவிட்டுப் போயிருந்தேன். இந்த வீட்டில் மாத்திரையின் எண் சரோஜாம்மாவிடம் இல்லை, அதை எடுக்கிற கையிடம் இருந்தது. அந்தக் கைக்கு ஒன்றரை என்றுதான் தெரியும்.

மாத்திரைப் போத்தல் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அலுமாரிக்குப் பக்கத்தில் ஒரு பலகைத் தட்டைக் காட்டினார். அதற்கு நேர் மேலே, ஏதோ கடையில் கொடுத்த பெரிய நாட்காட்டி தொங்கியது. போத்தலை எடுக்கிற யாரும் அதைப் பார்க்காமல் எடுக்க முடியாது என்று நினைத்தேன். என் பையில் இருந்த தடித்த பேனையால் அன்றைய கட்டத்தை மறைத்து, படத்தின் மேலேயும் சேர்த்துப் பெரிதாக எழுதினேன்: "இன்று ஒன்று மட்டும். கூட்டச் சொன்னது பிழை. டொக்டர் சொன்னார். அம்மாவைக் கேட்கவும்." கீழே லேபின் இலக்கத்தையும் என் இலக்கத்தையும் எழுதினேன். பிறகு சரோஜாம்மாவைக் கூட்டிப்போய் விரலால் அதைத் தொட்டுக் காட்டினேன். நல்ல படத்தை நாசமாக்கிவிட்டேன் என்று அவருக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான்.

லேபுக்கு வந்தேன். மகனின் போன் இன்னும் அடித்துக்கொண்டே இருந்தது. வீட்டுக்குப் போனேன். சோறு இறங்கவில்லை. தொலைக்காட்சியைப் போட்டேன், நிறுத்தினேன். போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு முற்றத்துக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன். கடைசியில் அது அடித்தது. தெரியாத இலக்கம் இல்லை, பின்னேரம் முழுவதும் நான் அழைத்துக்கொண்டிருந்த இலக்கம்.

"மிஸ், சரோஜாம்மாட மகன் பேசுறேன். அம்மா தூங்கிட்டாங்க. நான் மாத்திரைய ஒடைச்சுக் கையில வச்சுக்கிட்டு எழுப்பப் போனேன். போத்தல் மூடிய எடுக்கத் திரும்பினப்பதான் கலண்டர் கண்ணுல பட்டுச்சு. அந்த அரை மாத்திரை இன்னும் என் கையில இருக்கு மிஸ். இத என்ன செய்ய?"

"தூக்கி வெளிய போடுங்க தம்பி" என்றேன். அதற்குப் பிறகுதான் எனக்குப் பசித்தது.